ஆயில் கறுத்தால் சரக்கு மட்டமா?

என்ஜின் ஆயில் விற்கும் நம் வணிக அன்பர்கள் எல்லாருக்கும் பழக்கமான புகார் இது. "போன வாரம்தான் ஊத்தினேன், அதுக்குள்ள மையாட்டம் ஆயிடுச்சு. இது டூப்ளிகேட் சரக்குங்க" என்று வாடிக்கையாளர் டின்னோடு வந்து நிற்பார். பதில் சொல்லத் தெரியாமல் விலையில் தள்ளிக் கொடுப்பவர்களும் உண்டு, கம்பெனியையே மாற்றி விடுபவர்களும் உண்டு.

தரங்கம்பாடிப் பக்கம் இந்தப் புகாருக்குப் பருவமே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி என்ஜின் வேலை பார்ப்பது அப்போதுதான். அது முடியும் முன்பே குறுவைக்கு டிராக்டர்கள் வயலில் இறங்கி விடும். ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில், அதுவும் பாதி கடனில் நடக்கிறது. அந்த நேரத்தில் சரக்கின் மேல் சந்தேகம் வந்தால் கடனும் வசூலாகாது.

உண்மையில், டீசல் என்ஜினில் ஊற்றிய ஆயில் சீக்கிரம் கறுப்பது பெரும்பாலும் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரித்துகள் உண்டாகி ஆயிலில் கலக்கிறது. இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் கசடாகி ஃபில்டரை அடைக்கும், ஆயில் போகும் துளைகளை மூடும், பேரிங்கைத் தின்னும். ஒட்டவிடாமல் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பிடித்து ஆயிலில் மிதக்க வைக்கும் சேர்மானத்தின் பெயர் டிஸ்பர்ஸன்ட். கரி மிதப்பதால் ஆயில் கறுப்பாகத் தெரிகிறது. கறுக்காத ஆயிலில் அந்தக் கரி எங்கே போயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

பலர் இதையும் டிடர்ஜென்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். டிடர்ஜென்ட் என்பது கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகம் சேர்ந்த பொருள். பிஸ்டனில் படியும் பிசினைக் கழுவும், எரிபொருளின் கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும். ஆனால் எரிந்தால் சாம்பல் விடும். டிஸ்பர்ஸன்ட் சாதாரணமாக உலோகம் இல்லாத பாலிமர், ஆகவே சாம்பலும் இல்லை. இரண்டும் கூட்டாளிகள். கழுவுவது ஒன்று, கழுவியதைத் தாங்குவது மற்றொன்று.

இதன் தயாரிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னை மணலியிலேயே இத்தொழில் இருக்கிறது. 1969-இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம், இன்றைய சென்னை பெட்ரோலியம், செவ்ரான் குழுமத்தோடு கூட்டாக 1989-இல் இந்தியன் அடிட்டிவ்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. மூலப்பொருளான பாலிஐசோபியூட்டிலீனை அதே மணலியில் கோத்தாரி பெட்ரோகெமிக்கல்ஸ் தயாரிக்கிறது. சுத்திகரிப்பு ஆலையின் வாயுவில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீனைச் சங்கிலியாகக் கோத்தால் தேன்போன்ற பிசுபிசுப்பான பாலிமர் வரும். அதோடு மலேயிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து, பிறகு அமீன் என்னும் நைட்ரஜன் பொருளை இணைத்தால் டிஸ்பர்ஸன்ட் தயார். நீண்ட வால் எண்ணெயில் கரையும், அமீன் தலை கரியைப் பற்றும்.

சுற்றுச்சூழல் பேச்சு இங்கேதான் வருகிறது. பழைய முறையில் பாலிமரையும் மலேயிக் அன்ஹைட்ரைடையும் இணைக்கக் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். அதில் கொஞ்சம் குளோரின் சரக்கிலேயே தங்கிவிடும். அந்த ஆயில் பழசாகி அடுப்பில் எரிக்கப்படும்போது டையாக்சின் போன்ற நச்சு உண்டாக வழியாகிறது. சங்கிலியின் நுனியில் எளிதில் இணையும் தன்மையுள்ள பாலிமர் வந்த பிறகு, சுமார் 200 டிகிரி சூட்டில் குளோரின் இல்லாமலே இணைக்க முடிகிறது. 'பசுமை' என்று டின்னில் அச்சடித்திருந்தால் இதைப்போல ஏதாவது விவரம் இருக்கிறதா என்று டீலரைக் கேளுங்கள். பச்சை லேபிள் மட்டும் போதாது.

சாம்பல் விஷயம் நம் கல்லாவையே தொடும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. ஆயிலின் சாம்பல் அதில் போய் அடைத்தால் செலவு பெரிது. சி.கே.-4 தரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய லாரிக்கு விற்ற சரக்கையே புதிய வண்டிக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஃபைபர் படகுகளில் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருக்கும் இப்படித்தான். அதற்கென்று டி.சி.-டபிள்யூ.3 என்ற சாம்பலற்ற தரம் இருக்கிறது. அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள் டூ-டி ஆயிலைக் கொடுத்தால் பிளக்கிலும் பிஸ்டனிலும் படிவு கட்டும். நடுக்கடலில் மோட்டார் நின்றால் மாற்று வண்டி பிடிக்க முடியாது.

புகாரோடு வருபவருக்குக் கடையிலேயே ஒரு சோதனை காட்டலாம். வடிகட்டுத் தாளில் அந்த ஆயிலை ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். கறை நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே சீராகப் பரவினால் டிஸ்பர்ஸன்ட் உயிரோடு இருக்கிறது. நடுவில் கரும்பொட்டும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாக நின்றால் தீர்ந்து விட்டது, மாற்றியாக வேண்டும். ஆயில் மோர்போல வெளுத்தால் அது வேறு கோளாறு, தண்ணீர் புகுந்திருக்கிறது. படகு என்ஜினில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கறுப்பை அல்ல.

மாற்றிய பழைய ஆயில் என்னாகிறது என்பதும் நம் கணக்கில் வரும். சென்டரிங் பலகைக்குப் பூசுகிறார்கள், பட்டறையில் எரிக்கிறார்கள், மிச்சத்தைக் கழிமுகத்தில் கொட்டுகிறார்கள். எத்தனை நல்ல டிஸ்பர்ஸன்ட் இருந்தாலும், கரியும் உலோகத்தூளும் சுமந்த ஆயில் தண்ணீரில் விழுந்தால் கேடுதான். பழைய ஆயில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. அதைத் திரட்டி மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மேலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கம்பெனிப் பிரதிநிதி ஆர்டர் எடுக்க வரும்போது, பழைய ஆயிலை யார், எந்த மாதம் வந்து எடுப்பார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தடைக்காலம் தொடங்குமுன் துறைமுகத்தருகே உள்ள கடைகள் சேர்ந்து இரண்டு பேரல்களை மூடியோடு வைத்தால், அள்ளிப்போக வண்டி வருவதற்குத் தேவையான அளவு சேர்ந்துவிடும்.