தணிந்த காய்ச்சல் திரும்பி வந்தால்...

இன்புளுவென்சா காய்ச்சலை நம்மவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்து, நான்கைந்து நாட்கள் படுத்தெழுந்தால் போதுமென்பதே பொதுவான எண்ணம். பெரும்பாலானோர் விடயத்தில் அது பிழையுமன்று. ஆனால், முதியோர் உள்ள வீடுகளில் காய்ச்சல் தணிந்த பின்னர் வரும் நாட்களே கூடிய அவதானத்துக்குரியவை என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

1918 இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட இன்புளுவென்சாவில், பெரும்பாலான மரணங்களுக்கு வைரஸைத் தொடர்ந்து சுவாசப்பையில் புகுந்த பக்டீரியாக்களே காரணமென, அக்காலத்தில் பேணிவைக்கப்பட்ட இழையங்களைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2008 இல் எடுத்துக்காட்டினர்.

சுவாசக் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய பிசிர்கள் சளியையும் கிருமிகளையும் இடைவிடாது மேல்நோக்கித் தள்ளுகின்றன. இன்புளுவென்சா வைரஸ் அந்தப் படையையே சிதைத்துவிடுகின்றது. வேலி விழுந்த காணிக்குள் கட்டாக்காலி மாடுகள் புகுவதைப் போன்றதே பின்னர் நிகழ்வது. பெரும்பாலும் நுழைவது நியூமோகொக்கஸ். சிலவேளைகளில் நுழைவது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ். ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கில் தீங்கின்றிக் குடியிருக்கும் இக்கிருமி, சாதாரண நாட்களில் நிமோனியாவை ஏற்படுத்துவது குறைவு. வைரஸ் தாக்கிய சுவாசப்பைக்குள் இறங்கினாலோ இழையங்களை அழித்து, சிலரைச் சில நாட்களுக்குள்ளேயே பலிகொண்டுவிடும். வழமையான பென்சிலின் மருந்துகளுக்கு இது பெரும்பாலும் அடங்குவதுமில்லை.

காய்ச்சல் தணிந்து, உணவில் நாட்டம் திரும்பிய நோயாளிக்குச் சில நாட்களில் மீண்டும் குளிர்காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, நிறம் மாறிய அல்லது இரத்தம் கலந்த சளி என்பன தோன்றுவதே இதன் வழமையான போக்கு. முதியோரிடத்தில் இவை தெளிவாகத் தென்படுவதில்லை. காய்ச்சலே இல்லாதிருக்கலாம். திடீரென ஆளடையாளம் தெரியாது தடுமாறுவதும், உணவை மறுப்பதும், நடக்கும்போது விழுவதும் மட்டுமே அறிகுறிகளாக இருக்கக்கூடும். “வயது போய்விட்டது, அதுதான்” என்று வீட்டார் ஆறுதலடைவது இங்குதான் ஆபத்தாகின்றது. அன்றைய தினமே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நோயாளி அவர். முன்னர் எவருக்கோ கொடுத்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகளைக் கொடுத்துப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவதுடன், கிருமியைக் கண்டறிவதையும் கடினமாக்கும்.

ஸ்டெபிலோகொக்கஸுக்குத் தடுப்பூசி கிடையாது. வேலியைக் காப்பதே வழி. வருடாந்த இன்புளுவென்சாத் தடுப்பூசி அதற்கானது. நியூமோகொக்கஸுக்குத் தனியான தடுப்பூசி உண்டு. ஹஜ் கடமைக்குச் செல்வோருள் முதியோர் பலர். அங்கு யாத்திரிகர்கள் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதற்கான பிரதான காரணங்களுள் நிமோனியாவும் ஒன்று. இன்புளுவென்சாத் தடுப்பூசி பலனளிக்க ஏறத்தாழ இரு வாரங்கள் எடுப்பதால், பயணப்பொதி கட்டும் தினத்தில் அதைத் தேடி ஓடுவதில் பயனில்லை.