வெளிநாட்டுப் போன் நம்மூர்க் கோபுரத்துடன் பேசுமா?

முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் என்று மன்னார்ப் பக்கத்து ஊர்களில் வெளிநாட்டு உழைப்பால் எழுந்த வீடுகள் பல உண்டு. குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டுச் சமையலறையில் நின்று உழைக்கும் நம் சகோதரிகள் ஒரு புறம்; போரில் சிதறிப்போய் கனடாவிலும் இலண்டனிலும் தமிழ்நாட்டிலும் வாழும் உறவுகள் இன்னொரு புறம். இவர்களையும் நம்மையும் இன்று இணைத்து வைத்திருப்பது கையடக்கத் தொலைபேசிதான். ஆகவே, ஊருக்கு வருபவர்களின் பெட்டியில் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு புதிய போனும் இருப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தப் போனில் நம்மூர் சிம்மைப் போட்டதும் சில வீடுகளில் ஏமாற்றம் தொடங்குகிறது. திரை பளிச்சென்று எரியும், படமும் எடுக்கும். ஆனால் ‘சேவை இல்லை’ என்று எழுதிக் காட்டும். அல்லது வீதிக்கு வந்தால் இரண்டு கோடு தெரியும், வீட்டுக்குள் போனால் அதுவும் மறையும். திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால் ஒருவர் ‘போர்ட் பழுது’ என்பார், இன்னொருவர் ‘மென்பொருள் மாற்ற வேண்டும்’ என்பார். இரண்டுக்கும் காசு கேட்பார்கள்.

பல வேளைகளில் அந்தப் போனில் பழுதே இருக்காது. அது வேறொரு நாட்டுக் கோபுரத்துக்காகச் செய்யப்பட்ட போன், அவ்வளவுதான். மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்த பின்பு இதை அறிந்து என்ன பயன்? வாங்குவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ள வழி இருக்கிறது.

பழைய வானொலிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்

நம் அம்மாமார் கேட்ட வானொலிப் பெட்டியில் மத்திய அலை, சிற்றலை என்று பிரிவுகள் இருந்தன. பின்னர் பண்பலை நிலையங்கள் வந்தபோது, பண்பலைப் பிரிவு இல்லாத பெட்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்த நிலையங்களைப் பிடிக்கவில்லை. பெட்டி பழுது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அலையைப் பிடிக்கும் வசதி அதில் இல்லை என்று புரிந்துகொண்டோம்.

கையடக்கத் தொலைபேசியும் ஒரு வானொலிதான்; கேட்பதோடு பேசவும் செய்கிறது. கோபுரம் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ, போனுக்கும் அந்த அலைவரிசை தெரிந்திருக்க வேண்டும். இந்த அலைவரிசைகளை மெகாஹேர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். இலங்கையில் 2ஜி சேவை 900, 1800 மெகாஹேர்ட்ஸில் நடக்கிறது. 2006இல் தொடங்கிய 3ஜி சேவை 2100இல் வந்தது. கையடக்கத் தொலைபேசிக்கான 4ஜி சேவை 2013இல் வந்தபோது 1800இல் தொடங்கியது. 4ஜியில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ‘பாண்ட்’ என்று ஓர் இலக்கம் இருக்கிறது. 1800க்கு பாண்ட் 3, 2100க்கு பாண்ட் 1, 900க்கு பாண்ட் 8. நம் நாட்டுக்குப் போன் வாங்குபவர் மறக்கக்கூடாத இலக்கம் பாண்ட் 3.

இன்னொன்றையும் கவனியுங்கள். 900 போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் நன்றாக ஊடுருவும். 1800, 2100 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. கட்டுக்கரைக் குளத்தை அண்டிய வயல் வெளிகளைப் போல, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில் இந்த வேறுபாடு பெரிது. கோபுரத்தின் தாழ்ந்த அலைவரிசை உங்கள் போனுக்குத் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டுப் போன் பேசும் இடத்தில் உங்கள் போன் ஊமையாக இருக்கலாம்.

ஒரே முகம், வேறு குணம்

எல்லா நாடுகளும் ஒரே அலைவரிசையை வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் 900, 1800 என்று போனபோது, அமெரிக்காவும் கனடாவும் 850, 1900 என்று வேறு வழியில் போயின.

இதற்கு நல்ல உதாரணம் நம்மில் பலர் பாவித்த நோக்கியா 3310. 2000ஆம் ஆண்டில் வந்த அந்தப் போன் 900, 1800 இரண்டையும் பிடிக்கும். அதே சாயலில் வட அமெரிக்காவுக்கென்று 3390 என்ற ஒன்றைச் செய்தார்கள். அது பிடித்தது 1900ஐ மட்டுமே. இரண்டையும் மேசையில் வைத்தால் அக்கா தங்கை போல இருக்கும். ஆனால் 3390 இலங்கைக்கு வந்தால் வெறும் கடிகாரம்தான்.

4ஜி காலத்திலும் இது மாறவில்லை. 2012இல் வெளிவந்த ஐபோன் 5ஐ அப்பிள் நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளாக விற்றது. ஏ1428 என்ற மாதிரிக்கு 4ஜியில் பாண்ட் 4, பாண்ட் 17 ஆகியவை மட்டுமே தெரியும். ஏ1429 என்ற மாதிரியில் பாண்ட் 3 இருந்தது. பெயரும் ஒன்று, தோற்றமும் ஒன்று. ஆனால் இலங்கையின் 1800 மெகாஹேர்ட்ஸ் 4ஜி கோபுரம் ஏ1428இன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு முந்திய ஐபோன் 4இலும், அமெரிக்காவில் வெரைசன் நிறுவனத்துக்காக 2011இல் வந்த மாதிரியில் சிம் போடும் இடமே இருக்கவில்லை.

ஆகவே ‘ஐபோன்’, ‘சாம்சங்’ என்ற பெயரைக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். கேட்க வேண்டியது மாதிரி இலக்கம்.

எங்கிருந்து வரும் போனுக்கு என்ன கவனம்?

வளைகுடா நாடுகள்: அங்கும் 900, 1800 அலைவரிசைகளும் 4ஜியில் பாண்ட் 3உம் பாவனையில் இருப்பதால், அங்கே விற்பனைக்கென வந்த போன்கள் பெரும்பாலும் இங்கே பொருந்தும். ஆனால் பல நாட்டுப் போன்கள் கலந்து விற்கப்படும் பழைய போன் கடைகளில் மாதிரி இலக்கம் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அமெரிக்கா, கனடா: கவனம் கூடத் தேவை. பாண்ட் 2, 4, 12, 66 என்பவை அவர்களுடையவை. விலை கூடிய புதிய போன்களில் உலகின் பல பாண்டுகளும் சேர்ந்தே இருக்கும். விலை குறைந்தவற்றிலும் பழையவற்றிலும்தான் சிக்கல் கூடுதல். 2022இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் தட்டு இல்லை, ஈ-சிம் மட்டுமே. அப்படி ஒன்று வருவதானால் உங்கள் இணைப்பை ஈ-சிம்முக்கு மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

தமிழ்நாடு: இந்தியாவின் 900, 1800 அலைவரிசைகள் நமக்கும் பொதுவானவை. ஆனால் 2017இல் அறிமுகமான ஜியோபோன் என்ற விசைப்பலகைப் போன் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டது. முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் உறவுகள் அதைக் கொண்டுவந்தால் நம்மூர் சிம் அதில் வேலை செய்யாது.

பூட்டு என்பது வேறு

அலைவரிசை பொருந்தினாலும் பூட்டு ஒன்று குறுக்கே நிற்கலாம். தவணைக்குப் போன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி அதைப் பூட்டி வைக்கும். கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதிய போன்களைப் பூட்டில்லாமலே விற்க வேண்டும் என்று விதித்தார்கள். பழைய பூட்டை இலவசமாகத் திறந்தும் கொடுக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்திலும் ஜப்பானிலும் 2021இல் பூட்டுக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் பூட்டிய போன்கள் இன்னும் விற்கப்படுகின்றன. பூட்டைத் திறக்கும் உரிமை அதை விற்ற நிறுவனத்திடமே இருப்பதால், அந்த நாட்டில் இருக்கும்போதே திறந்துகொள்வது நல்லது. போன் இங்கே வந்தபின் யாரோ ஒருவரிடம் கொடுத்து உடைக்கப் பார்ப்பது காசுக்கும் கேடு, போனுக்கும் கேடு.

வாங்குவதற்கு முன் ஐந்து வேலைகள்

1. வாங்கப் போகிறவரிடம் மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் பின்புறத்திலும், போனின் அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியிலும் அது இருக்கும். ஐபோனில் ஏ என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும். சாம்சங்கில் எஸ்எம் என்று தொடங்கும். பெரும்பாலும் இறுதி எழுத்து யூ என்றால் அமெரிக்காவுக்கும், டபிள்யூ என்றால் கனடாவுக்கும் உரியது.

2. அந்த இலக்கத்தை வைத்து, போன் செய்த நிறுவனத்தின் விபரப் பட்டியலில் பாண்டுகளைப் பாருங்கள். 2ஜியில் 900, 1800 இரண்டும், 4ஜியில் பாண்ட் 3உம் கட்டாயம். பாண்ட் 1, 8 ஆகியவையும் இருந்தால் நல்லது. ‘5ஜி’ என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது இவற்றுக்கு உத்தரவாதம் ஆகாது. பாடசாலைப் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் சிம் எந்த நிறுவனத்தினுடையதோ, அவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, ‘எங்கள் ஊரில் 4ஜி எந்தப் பாண்டில் வருகிறது?’ என்று கேளுங்கள். ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடும்.

4. பூட்டு இருக்கிறதா என்று அந்த நாட்டிலேயே பார்க்கலாம். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தோழியிடம் வாங்கிப் போட்டு ஓர் அழைப்பு எடுத்தால் போதும்.

5. போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்த எண் பதிவாகியிருக்கிறதா என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுத வேண்டும். 2025 ஜனவரி 28க்குப் பின் புதிதாக வலையமைப்பில் சேரும் பதிவற்ற போன்களுக்குச் சேவை கிடைக்காது என்றும், அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்றும் ஆணைக்குழு அறிவித்தது. வெளியிலிருந்து வரும் போனை எப்படிப் பதிவது என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டறியுங்கள்.

போன் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? சிம்மைப் போட்டு, அமைப்புகளில் வலையமைப்பைக் கையால் தேடும் பகுதிக்குப் போங்கள். நம்நாட்டு நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக வந்தால் போனுக்குக் கோபுரம் கேட்கிறது என்று அர்த்தம். தடை பூட்டிலோ பதிவிலோ சிம்மிலோ இருக்கலாம். அயல்வீட்டுப் போன் நன்றாக வேலை செய்யும் இடத்தில் ஒரு பெயருமே வராவிட்டால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள். இதை அறிந்து கடைக்குப் போனால் தேவையற்ற திருத்தத்துக்குக் காசு கொடுக்க மாட்டீர்கள்.

அழைப்பு போகாத போன்

‘இணையம் வேலை செய்கிறதே, வட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே’ என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இதில்தான் பெரிய ஆபத்து. சில போன்கள் 4ஜியில் இணையத்தைக் கொடுக்கும். சாதாரண அழைப்புக்கு மட்டும் 2ஜி அல்லது 3ஜியைத் தேடும். 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதிக்கு வோல்டி என்று பெயர். வெளிநாட்டுப் போனில் அந்த வசதி இருந்தாலும் நம்நாட்டு நிறுவனத்துடன் அது இயங்காமல் போகலாம்.

அவுஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே டெல்ஸ்ட்ராவும் ஒப்டசும் 2024 ஒக்டோபர் 28 முதல் 3ஜியை மூடின. அந்நாட்டின் அவசர இலக்கமான 000ஐ 4ஜி வழியாக அழைக்க முடியாத போன்களை வலையமைப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று அரசு விதித்தது. வேறு நாடுகளில் வாங்கிய போன்கள் சிலவும் அதில் அகப்பட்டன. நேற்று வரை பேசிய போன், அவசர வேளையில் பேசாது என்பதற்காகவே நிறுத்தப்பட்டது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிசுக்கு 119. நள்ளிரவில் பிரசவ வலி வந்தாலும், வயலில் பாம்பு தீண்டினாலும், வீட்டுக்குள்ளேயே ஒருவர் கை ஓங்கினாலும் நாம் அழுத்துவது இந்த இலக்கங்களைத்தான். அப்போது வட்ஸ்அப் உதவாது. ஆகவே புதிய போனில் சிம்மைப் போட்ட அன்றே, வை-பையை நிறுத்திவிட்டு, வீட்டின் உள்ளறையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் யாராவது உறவினருக்குச் சாதாரண அழைப்பு எடுத்துப் பாருங்கள். அவர்களை உங்களுக்குத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கேட்டால் மட்டும் பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அதுவரை பழையதே கையில் இருக்கட்டும்.

‘அன்பாக வாங்கி அனுப்பும்போது மாதிரி இலக்கம் கேட்டால் தங்கச்சி மனம் நோவாளே’ என்று தயங்க வேண்டாம். பாலைவன வெயிலில் உழைத்த அவளது காசு ‘சேவை இல்லை’ என்ற எழுத்தாக மேசையில் கிடப்பதுதான் அவளுக்கு நோவு. அடுத்த முறை அவள் ‘அக்கா, உனக்கு ஒரு போன் வாங்கட்டுமா?’ என்று கேட்டால், ‘வாங்கு, ஆனால் முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு’ என்று சொல்லுங்கள்.