வழுக்கிய பிறேக்கும் வழுவிய வாக்கும்

பனி என்றால் மார்கழிக் காலையில் வேலியோரப் புல்லில் துளித்து நிற்கும் நீர்த்திவலையையே நம்மவர் நினைப்பர். படலையை மூடி, வீதியை மூடி, மாதக்கணக்கில் அசையாது கிடக்கும் பனியை நாம் நேரிலே கண்டது 2017ஆம் ஆண்டு மார்கழியிலேதான். கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் நகருக்கு வடக்கேயுள்ள லோறன்ஷியன் மலைப்பகுதியிலே எம்முடைய பழைய மாணவர் ஒருவர் மனைவி மகனோடு வாழ்கின்றார். அவர் வற்புறுத்தி அழைத்தமையால் கல்லூரி விடுமுறையில் அங்கு சென்றிருந்தோம். அத்தேசத்தின் இயற்கை வனப்பை எழுதுவோர் பலர் உளர். நாம் எழுதப் புகுவதோ ஒரு வண்டியின் பிறேக்கைப் பற்றியும், அதனோடு வந்த உத்தரவாதப் பத்திரத்தைப் பற்றியுமாகும்.

அவ்வண்டியை அங்கே ‘ஸ்னோமொபைல்’ என்பர். நாம் பனியுந்து எனலாம். முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னே சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றியோடும் அகன்ற றப்பர்ப் பட்டி. மோட்டார்ச் சைக்கிளில் அமர்வதுபோல் அமர்ந்து, கைபிடியைப் பற்றி ஓட்டவேண்டும். இஃது இளைஞரின் களியாட்டுக்கான வண்டி என்றே முதலில் எண்ணினோம். அது முழு உண்மையன்று என்பதை மாணவரின் வீட்டைக் கண்டபின் அறிந்தோம். பனி அகற்றப்படும் பெருவீதியிலிருந்து அரைமைல் மேலே, ஏரிக்கரைச் சரிவொன்றில் அவ்வீடு இருக்கின்றது. மாரியில் அரிசி மூடையும் விறகும் வீடு சேர்வதற்கும், மருத்துவமனையிலே தாதியாகப் பணிபுரியும் அவர் மனைவி இரவுக் கடமைக்குப் போவதற்கும் அவ்வண்டியே துணை.

அதன் பிறப்பும் களியாட்டிலே நிகழ்ந்ததன்று. அதே மாகாணத்து வல்கூர் என்னும் ஊரிலே 1907ஆம் ஆண்டு பிறந்தவர் யோசெப் அர்மான் பொம்பார்டியே. 1922இல், 15 வயதுச் சிறுவனாக இருக்கையிலேயே, பழைய போர்ட் கார் எஞ்சின் ஒன்றைச் சறுக்குவண்டியிலே பூட்டி, பின்னே சுழலி வைத்துப் பனிமேல் ஓட்டிக் காட்டியவர் அவர். பின்னர் கராஜ் நடத்தினார். 1934இல், மாரியின் நடுவே, அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. வீதிகளைப் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லாமற் குழந்தை இறந்தது. அதன்பின் அவர் விடாது உழைத்துப் பற்சக்கரத்தால் இயங்கும் பட்டியை அமைத்து 1937இல் காப்புரிமை பெற்றார். முதலில் எழுவரும் பின்னர் பன்னிருவரும் அமரத்தக்க பனிவண்டிகள் அவர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, நோயாளரையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாற் பைகளையும் சுமந்தன. இன்று காணும் சிறிய பனியுந்தை அவர் 1959இல் வெளியிட்டார், 1964இல் காலமானார். வல்கூரில் அவர் பெயராலே ஒரு நூதனசாலை உண்டு. அவருடைய பழைய கராஜையும் அங்கே காணலாம்.

இவ்வளவு சொன்னமையால் மாணவரின் வண்டி அந்நிறுவனத்தினது என்று வாசகர் கொள்ளலாகாது. அது யாருடையது என்று நாம் எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்வதனால் பிறேக் பிடிக்கப் போவதுமில்லை.

மார்கழி மாதத்து ஒரு மாலை. ஏரிக்கரைச் சுற்றுலா முடிந்து நாம் வீடு திரும்பினோம். வாயிலுக்கு எதிரேயுள்ள சரிவிலே மாணவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தரிப்புப் பிறேக்கைப் பூட்டிவிட்டு விறகு எடுக்கப் பின்புறம் சென்றார். அவரது ஆறு வயது மகன் இருக்கையிலேயே அமர்ந்து வண்டி ஓட்டுவதுபோல் விளையாடிக்கொண்டிருந்தான். நாம் அருகே நின்று, மூக்குக் கண்ணாடியிற் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடங்கள் சென்றிருக்கலாம். ஓசை சிறிதுமின்றி வண்டி நகர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது அது ஏரியை நோக்கிச் சறுக்கத் தொடங்கிவிட்டது. ஓடினோம், மூன்றடி ஓடுமுன்னே விழுந்தோம். வெறுங்காலிலும் செருப்பிலும் பழகிய எமக்கு அந்நாட்டுச் சப்பாத்துகள் விலங்கு பூட்டியதுபோல் இருந்தன. கரையோரத்திலே குவிந்திருந்த பனிமேட்டில் முட்டி வண்டி நின்றது. பிள்ளை தூக்கி எறியப்பட்டு மென்பனியில் விழுந்து, எழுந்திருந்து, சிரித்தான்.

தந்தையார் சிரிக்கவில்லை. அவர் வண்டியை நெருங்கிப் பிறேக் நெம்பைத் தொட்டுக் காட்டினார். அது பூட்டிய இடத்திலேயே பூட்டியபடி இருந்தது.

“சேர், இது முதல் தரமில்லை. பிள்ளை இருக்கேக்க நடந்ததுதான் முதல் தரம்” என்றார்.

பூட்டிய பிறேக் எப்படி விட்டது? இடக் கைபிடியிலுள்ள நெம்பை அழுத்தினால், சிறு உருளையொன்றினுள் இருக்கும் தண்டு பிறேக் எண்ணெயை நெருக்கும். அந்நெருக்கம் குழாய் வழியே சென்று, பட்டியைச் சுழற்றும் அச்சிலே பொருத்திய வட்டத் தகட்டை இரு கட்டைகளாற் கவ்வச் செய்யும். இஃது ஓடும்போது நிறுத்துகின்ற பிறேக். தரிப்புப் பிறேக் என்று வேறொன்று இவ்வகை வண்டியில் இல்லை. அழுத்திய நெம்பு திரும்பி வராதவாறு தடுக்கும் ஒரு சிறு கொளுக்கியே அது. ஆகவே வண்டியைச் சரிவிலே பிடித்து வைத்திருப்பது கொளுக்கியன்று; குழாயினுள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே. உருளையினுள் இருக்கும் றப்பர் வளையம் பழுதுபட்டிருந்தால், எண்ணெய் மெல்ல மெல்லப் பின்னோக்கிக் கசிந்துவிடும். வெளியே ஒரு துளியும் சிந்தாது. கடுங்குளிரில் றப்பர் விறைப்பதனாற் கசிவு மிகும். ஓடிச் சூடேறிய எண்ணெயும் தகடும் நின்றபின் குளிர்ந்து சுருங்குவதனால் அழுத்தம் மேலும் தளரும். நெம்பு மட்டும் கொளுக்கியிலே கிடந்து, பிறேக் பிடித்திருக்கிறது என்று பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி உத்தரவாதத்தின் கதைக்கு வருவோம். வண்டி வாங்கியது 2017 தை மாதம் 21ஆந் திகதி. உத்தரவாதம் பன்னிரண்டு மாதம். மாசி மாதத்திலேயே ஒருநாள் வண்டி தானாக நகர்ந்தமையால் மாணவர் அதனை விற்பனை முகவரிடம் கொண்டு சென்றார். முகவரின் கராஜ் வெப்பமூட்டப்பெற்றது. தரை மட்டமான சீமெந்துத் தரை. இரவு முழுவதும் அங்கே நின்று உடல் சூடேறிய வண்டியின் பிறேக்கை மறுநாட் காலை மெக்கானிக் பூட்டினார், தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. “குறை எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தனர். சுரத்தோடு வைத்தியரிடம் போனால் வாசலிலேயே சுரம் விட்டுவிடுவதுபோல!

பங்குனியில் இரண்டாம் முறை. இம்முறை பிறேக் கட்டைகள் தேய்ந்துள்ளன என்று புதியன இட்டனர். தேயும் உறுப்புகள் உத்தரவாதத்தில் அடங்கா என்று பத்திரத்தின் சிற்றெழுத்திலே இருந்தமையால் அதற்குப் பணமும் பெற்றனர். சித்திரையிற் பனி உருகியது. வண்டி கார்த்திகை முடியும்வரை படங்கின் கீழ் உறங்கியது. வண்டி உறங்கினாலும் உத்தரவாதம் உறங்கவில்லை; அது நாளெண்ணிக்கொண்டே போயிற்று. ஐந்து மாதமே ஓடக்கூடிய வண்டிக்குப் பன்னிரண்டு மாத வாக்குறுதி என்பதன் பொருளை மாணவர் அப்போதுதான் உணர்ந்தார். நாம் மேலே சொன்ன சம்பவத்தின் மறுநாள் அவர் முகவரோடு தொலைபேசியிற் பேசியபோது, வேலை நெருக்கடியால் தை 25ஆந் திகதிக்கே இடமுண்டு என்றனர். நான்கு நாட்கள் பிந்திவிடும் என்றார் இவர். அதனை உற்பத்தியாளரிடம் கேளுங்கள் என்றார் அவர். உற்பத்தியாளரைக் கேட்டால், உங்கள் முகவரே முடிவு செய்யவேண்டும் என்றனர். இருவரும் பேச்சிற் குறை வைக்கவில்லை. இருவரிடமும் மரியாதைக்குப் பஞ்சமேயில்லை.

முகவரை மட்டும் நோவதும் நியாயமன்று. உத்தரவாத வேலைக்கு உற்பத்தியாளரே முகவருக்குப் பணம் கொடுக்கின்றார். வாகனத் தொழிலில் அப்பணம் பெரும்பாலும் இன்ன உறுப்பை மாற்ற இத்தனை நேரம் என்று முன்னரே வகுத்த கணக்கின்படி வரும். குளிரிலே மட்டும் தோன்றி மறையும் குறையைத் தேடி ஒரு மெக்கானிக் அரைநாள் வெளியே நின்றால், அந்த அரைநாளுக்குக் கணக்கில் இடமிருப்பது அரிது. ஆகவே தேடாதிருப்பதே இலாபம். பொருளியல் பயிலும் மாணவர்கள் ஜோர்ஜ் அக்கலொவ் என்பாரை அறிந்திருப்பர். பொருளின் தரத்தை வாங்குபவர் அறியார், விற்பவரே அறிவார் என்ற நிலையிற் சந்தை எவ்வாறு கெடுகின்றது என்று 1970இல் ஒரு கட்டுரை எழுதி, 2001இல் வேறிருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்தவர் அவர். அந்த ஐயத்தை நீக்கும் வழிகளுள் ஒன்றாக உத்தரவாதத்தையும் அவர் கூறினார். ஆபத்தை விற்பவர் ஏற்பதனால் வாங்குபவர் துணிகின்றார். ஆயினும் குறை இருக்கின்றதா என்று தீர்ப்பவரும் விற்பவரேயானால் ஆபத்து மீண்டும் வாங்கியவர் தலையிலேதான் வந்து விழுகின்றது.

அன்றிரவு மாணவர் கடுஞ்சினத்தோடு நீண்ட கடிதமொன்று எழுதி எமக்கு வாசித்துக் காட்டினார். அதிலே சினம் இருந்தது, சான்று இல்லை. “தம்பி, கல்லூரி ஆய்வுகூடத்திலே என்ன செய்தோம்? அதையே செய்வோம்” என்றோம். அடுத்த ஒன்பது நாட்களும் ஒரே காரியம். காலையில் ஏரியைச் சுற்றி வண்டியை ஓட்டிவந்து, அதே சரிவில், பட்டியின் பின்னே ஒரு முழ இடைவெளி விட்டு மரக்குற்றியொன்றை வைத்து நிறுத்துவது, பிறேக்கைப் பூட்டுவது, வெப்பமானியைப் பார்த்து எழுதுவது, வண்டி குற்றியில் வந்து முட்டும் நேரத்தைக் குறிப்பது, பூட்டிய நெம்பையும் முட்டிய பட்டியையும் ஒரே படத்தில் அடக்கிப் புகைப்படம் எடுப்பது. கையுறைக்குள்ளும் விரல் மரத்தது. ஏழு நாட்களில் வண்டி இருபது நிமிடத்துக்குள் விட்டது. குளிர் தணிந்து கூரைப் பனி சொட்டிய இரண்டு நாட்களில் மட்டும் ஒருமணி நேரமும் அசையாது நின்றது. முகவரின் கராஜிலே ஏன் குறை காணப்படவில்லை என்பதற்கு அவ்விரண்டு நாட்களே விடையாயின. சிறுவன் கொப்பியில் நேரம் எழுதினான். எழுத்துப்பிழை அதிகம், கணக்குப்பிழை இல்லை.

சட்டத்தைத் தேடியது மாணவரின் மனைவி. கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1971இல் முதலில் இயற்றப்பெற்று, 1978இல் விரிவாக மாற்றி எழுதப்பெற்றது. அதன் 37ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் அது வழக்கமாகப் பயன்படும் வேலைக்கு உதவவேண்டும் என்கின்றது. 38ஆம் பிரிவு, அதன் விலைக்கும் பாவனை நிலைமைக்கும் ஏற்ற நியாயமான காலம் அது உழைக்கவேண்டும் என்கின்றது. உற்பத்தியாளர் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு மாதம் முடிந்தாலும் சட்டம் கொடுத்த உத்தரவாதம் அதனோடு முடிந்துவிடுவதில்லை. அன்றியும், வாங்கியவர் வணிகரையோ உற்பத்தியாளரையோ தாம் விரும்பியவரைக் கேட்கலாம் என்றும் அதிலே இருக்கின்றது. இருவருக்குமிடையே பந்துபோல் உருட்டப்பட்டவருக்கு இதைவிட இனிய வாசகம் வேறு யாது! கேளாவிடின் சிறு வழக்கு மன்றம் உண்டு. அங்கே பொதுவாகச் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. வழக்காடுவோர் தாமே பேசவேண்டும்.

நாம் ஊர் திரும்பிய பின், 2018 மாசி மாதத்தில் மாணவர் இருசாராருக்கும் பதிவுத் தபாலில் முறையான கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். பழைய சினக் கடிதத்திலிருந்து ஒரு வரியையும் அவர் எடுக்கவில்லை. ஒன்பது நாட் குறிப்பு, படங்கள், “குறை காணப்படவில்லை” என்ற துண்டு, பத்து நாட் தவணை, அவ்வளவே. பனியுந்துகளும் கனடாவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவையாதலால், கூட்டாட்சி அரசின் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் ஒரு முறைப்பாடு எழுதினார். அங்கே தேடப்படுவது பாதுகாப்புக் குறை. உத்தரவாதம் முடிந்ததா என்பது அங்கே கேள்வியன்று. ஒருவர் முறையிட்டதனால் மட்டும் வண்டிகள் திருப்பி அழைக்கப்படுவதில்லை. ஆயினும் இரண்டாமவர், பத்தாமவர் எழுதும்போது முதலாமவரின் கடிதமும் அந்தக் கோப்பிலே இருக்கும்.

எட்டாம் நாள் முகவர் அழைத்தார். உருளை முழுவதையும் கட்டணமின்றி மாற்றித் தருவதாகவும், அது குறையை ஏற்றுக்கொண்டு செய்வதன்று, நல்லெண்ணத்தின் பேரிற் செய்வது என்றும் சொல்லி ஒரு பத்திரத்தை நீட்டினர். இவ்விடயத்தை எவரிடமும் பேசுவதில்லை என்று அதன் அடியில் ஒரு வரி இருந்தது. மாணவர் அந்த வரியைப் பேனாவாற் கீறிவிட்டுக் கையொப்பமிட்டார். முகவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிக்கொண்டாராம். அதனாலேதான் இக்கட்டுரையை எழுத எமக்கு இயன்றது. பிறேக் கட்டைகளுக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பவில்லை. அதற்காக மன்றம் ஏற மாணவருக்கு மனமில்லை. நாமாயின் ஏறியிருப்போம்.

பழுது பார்த்த வண்டி கைக்கு வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. பனி உருகத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு மார்கழியிலே வந்த கடிதத்தில், கடுங்குளிர் இரவொன்றில் வண்டியைச் சரிவிலே நிறுத்தி விடியும்வரை விட்டதாகவும், காலையில் அது ஓர் அங்குலமும் நகராதிருந்ததாகவும் எழுதியிருந்தார். மரக்குற்றி மட்டும் இன்னும் வாயிலிலேயே கிடக்கின்றதாம். வண்டி நின்றவுடன் மகன் இறங்கிச் சென்று அதனைப் பட்டியின் பின்னே காலால் உதைத்து இறுக்கிவிட்டுத்தான் வீட்டினுள் வருகின்றானாம்.