பாறசாலையில் எதிரி, விளவங்கோட்டில் தோழர்

கட்சிகளின் அடைமொழிகள் ஊருக்கு ஊர் பொருள் மாறுகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இது தலைவலி. வாசகருக்கோ சமயத்தில் தலைகீழ்ச் செய்தி.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறுபவர் களியக்காவிளை தாண்டியதும் அரசியல் அகராதியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று கேரளம், தமிழகம் இரண்டிலும் சட்டமன்றத் தேர்தல். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் மார்க்சிஸ்ட் கட்சியும் காங்கிரசும் நேரடியாக மோதின. இந்தப் பக்கம் விளவங்கோட்டில் நின்ற காங்கிரஸ் வேட்பாளருக்கு, தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்டுகள் தோழமைக் கட்சி. வாக்குப்பதிவு இரு இடத்திலும் ஒரே நாளில்தான்.

கேரளத்தில் 'இடது' என்பது கொள்கையைவிட, எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதையே அதிகம் சொல்கிறது. பெயரிலேயே புரட்சியும் சோஷலிசமும் கொண்ட ஆர்.எஸ்.பி. 2014இல் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணிக்குப் போனது. ரப்பர் விவசாயிகளின் செல்வாக்குள்ள மாணி பிரிவு கேரள காங்கிரஸ் 2020இல் இடது முன்னணிக்கு வந்தது.

வெளிநாட்டுச் செய்தியில் சிக்கல் முற்றுகிறது. 'லிபரல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த 'புதிய ஏற்பாடு' முதல், ஏழைகளுக்காக அரசு செலவிட வேண்டும் என்பவரே அமெரிக்காவில் லிபரல். ஜெர்மனியின் லிபரல் கட்சியான சுதந்திர ஜனநாயகக் கட்சியோ வரியைக் குறை, சந்தையில் தலையிடாதே என்கிறது. இருவரையும் 'தாராளவாதி' என்று எழுதினால் 1991க்குப் பிந்தைய தமிழ் வாசகருக்கு நினைவு வருவது மன்மோகன் சிங்கின் தாராளமயம். பாவம், அந்த அமெரிக்கர் எதிர் அணிக்குப் போய்விடுகிறார்! மலையாளத்தின் 'உதாரவல்க்கரண'த்திலும் இதே பொறிதான்.

நிறமும் காலை வாரும். 2000 தேர்தலுக்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் சிவப்பு, வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் நிறமாக நிலைத்துவிட்டது. 'சிவப்பு மாநிலம் டெக்சாஸ்' என்று அச்சிட்டால், செங்கொடிகளைப் பார்த்துப் பழகிய தம்பானூர்க்காரர் அங்கே தோழர்கள் ஆட்சி என்றுதான் நினைப்பார்.

ஐரோப்பிய லிபரலுக்கு நம்மிடையே நெருங்கிய உறவு, 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி. லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்த கட்சி அது. 1952இல் முதலமைச்சராக வந்தபோதே கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. ஆனால் 1967இல் அண்ணாவின் தலைமையில் அவருடைய கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே அணியில் நின்று காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தினார்கள். அந்தக் கூட்டணி இடதா, வலதா? ஜெர்மானிய நிருபர் யாராவது கேட்டால், பதிலுக்கு ஒரு சொல் போதாது. ஒரு பக்கமாவது எழுத வேண்டும்.