தொட்டிலுக்கு முன்பே வரும் விருந்தாளி

பழவேற்காடு என்றதும் நேயர்களில் சிலருக்குப் பூநாரைகளின் ஞாபகம் வரும். சரித்திரப் பிரியர்களுக்கு 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை நினைவில் எழும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கோ இறாலும் நண்டும் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை. நாம் இம்முறை அங்கே போய்வந்தபோது நமது கவனத்தைக் கவர்ந்தது இம்மூன்றில் எதுவும் அன்று. ஒரு பொட்டலம் தேநீர்தான்.

பொழுது புலரும் நேரம். படகுகள் கரை சேர்ந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தினின்று விலகி ஒரு பெண் மெதுவாக நடந்து வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவள் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை. அதற்குள்ளே ஆவி பறக்கும் தேநீர். வலை சீர் செய்துகொண்டிருந்த கணவனுக்கும் தனக்குமாக வாங்கி வந்தாளாம்.

"தூக்கு ஒன்று கொண்டு வரக்கூடாதா, அம்மா?" என்று கேட்டோம்.

"ஏலத்துக்கு ஓடுற அவசரத்துல தூக்கு எங்கங்க ஐயா ஞாபகம் வருது? கடையில பை சும்மாதானே குடுக்கறாங்க" என்றாள்.

சும்மா கிடைக்கும் அந்தப் பைக்கு விலை உண்டா, உண்டென்றால் அதைக் கொடுப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பிளாஸ்டிக் என்பது தனியொரு பொருள் அன்று. அது வளைவதற்கும், உறுதியாக நிற்பதற்கும், நிறம் பெறுவதற்கும் பலவித ரசாயனங்கள் அதனுடன் கூடுகின்றன. பி.வி.சி. போன்றவற்றை மிருதுவாக்கச் சேர்ப்பவை தாலேட்டுகள். கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக்கையும், தகர டப்பாக்களின் உட்பூச்சையும் செய்ய உதவுவது பிஸ்பினால்-ஏ. தாலேட்டுகள் பிளாஸ்டிக்குடன் இறுகப் பிணைந்திருப்பதில்லை. சூடும் எண்ணெயும் பட்டால் அவை எளிதில் கசிந்து உணவில் கலக்கின்றன. எந்தப் பையில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பையைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த ரசாயனங்களின் விசேஷம், அவை நம் உடலிலுள்ள ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுவதுதான். பிஸ்பினால்-ஏ பெண்மை ஹார்மோனைப் போல் நடிக்கக்கூடியது என்று லண்டன் ஆராய்ச்சியாளர் டாட்ஸ் 1936-லேயே கண்டார். அவரே 1938-ல் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைத் தயாரித்தார். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி மேல்நாடுகளில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அவ்விதம் பிறந்த பெண்களில் சிலருக்கு இளம் வயதிலேயே அபூர்வமான புற்றுநோய் உண்டானது 1971-ல் வெளிப்பட்டது. தாய் உட்கொண்டதன் பலனை மகள் அனுபவித்தாள். நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தும் கோட்டைச் சுவர் அன்று என்பதை உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

கற்ற பாடத்தை மறந்துவிடலாகாது. ரோமாபுரியில் ஆறு தாய்மாரின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்த மருத்துவர்கள், அவற்றில் நான்கில் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண்டதாக 2021-ல் எழுதினார்கள். அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆராய்ச்சி 2024-ல் வெளியாயிற்று. உடலில் தாலேட்டுகள் மிகுந்திருந்த தாய்மாரிடையே குழந்தை முன்கூட்டிப் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் அதிகம் என்று அது கண்டது. 37 வாரம் நிறையுமுன் பிறந்த சிசுவும், இரண்டரை கிலோவுக்குக் குறைந்த சிசுவும் மூச்சுக்கும் பாலுக்கும் எவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் அறிவார்கள்.

காகிதக் கோப்பைக்கு மாறினால் தப்பலாம் என்று எண்ணுவோருக்குக் கரக்பூர் ஐ.ஐ.டி.யார் 2020-ல் பதில் சொல்லிவிட்டார்கள். அக்கோப்பையின் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சுடுநீர் பதினைந்து நிமிஷம் அதில் இருந்தால், 100 மில்லி லிட்டரில் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றனவாம்!

பழவேற்காட்டு ஜனங்களுக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. ஆரணியாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஏரியில் சேர்கின்றன. கரையூர்கள் எறியும் குப்பைக்கு அவையே வழி. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் கடல்நீர் உள்ளே வந்து ஏரியைக் கழுவுவதும் குறைகிறது. இந்த ஏரியில்தான் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்தப் பறி கிழிந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் பை கிழிந்தால் துணுக்காகும். துணுக்கு மேலும் துணுக்காகும். மறைந்து மட்டும் போகாது.

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் மீனை ஒதுக்கிவிட வேண்டாம். தாய்க்கும் சிசுவுக்கும் மீன் நல்ல போஷாக்கு. மீன் விழுங்கிய துணுக்குகள் பெரும்பாலும் அதன் குடலில்தான் தங்குகின்றன. குடலை நீக்கிச் சுத்தம் செய்து சமைப்பது நம்மவர் வழக்கந்தானே. அடுப்பு மூட்டப் பிளாஸ்டிக்கைக் கொளுத்தலாகாது. அந்தப் புகையும் விஷம். சூடான பானத்துக்கும் குழம்புக்கும் எவர்சில்வர் பாத்திரமே நல்லது. ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: உட்புகுந்த தாலேட்டுகளில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே ஏழாம் மாதத்தில் விழித்துக்கொண்டாலும் பயன் உண்டு.

ஆனால் பாரம் முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றுவது நியாயமாகுமா? உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். குழந்தைகளின் பால்புட்டியில் பிஸ்பினால்-ஏ கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-ல் விதித்தது. பிறந்த குழந்தையின் புட்டிக்குக் காவல் போட்டோம்; பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாய் குடிக்கும் தேநீரே புட்டி அல்லவா? எழுதிய தடையைத் தேநீர்க் கடை வரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சர்க்காரின் கடமை. குப்பையை ஆற்றில் விடாதிருப்பது நகரவாசிகளாகிய நமது கடமை.

புறப்படும்போது அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தோம். நாளை தூக்கு எடுத்து வருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் தன் வாக்கைக் காப்பாற்றுவாள் என்றே நம்புகிறோம். நாம் நமது வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.