எத்தனை அடி என்று கேட்கும் முன்

செஞ்சிப் பக்கம் யாராவது போர் போட்டால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "எத்தனை அடி?" அடுத்தது, "எத்தனை இஞ்ச் தண்ணி?" சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் நிற்குமா என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுப் போரில் அதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு போகும். ஊருக்கே குடிநீர் கொடுக்கும் கிணறுகளில் விட்டுவிட்டால், தெருவெல்லாம் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்க நேரும்.

செஞ்சி இன்று அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் காலப் போர்க்கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் ஊர் என்பதால் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் போகிற கூட்டம் ஏற்கெனவே இவ்வழியாகத்தான் போகிறது. இனி கோட்டைக்கென்றே வருகிறவர்களும் கூடுவார்கள். லாட்ஜ், ஓட்டல், கல்யாண மண்டபம், புது மனைப்பிரிவு என்று எது வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் முதல் தேவை தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செஞ்சிப் பேரூராட்சியில் சுமார் 27,000 பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு சொன்ன அளவு. வளரும் ஊருக்குத் திட்டம் போடும்போது பெரிய அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2011-ன் மக்கள்தொகைக்கே நாளொன்றுக்கு சுமார் 36 லட்சம் லிட்டர் ஆகிறது. ஆண்டுக்கு 133 கோடி லிட்டர்.

கருங்கல் பூமியில் நொடிக்கு இரண்டு லிட்டர் தரும் போர் நல்ல போர். அதை நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 72,000 லிட்டர் கிடைக்கும். அப்படிப்பட்ட போர் ஐம்பது வேண்டும், ஐம்பதும் கோடையில் காயாமல் இருக்க வேண்டும்.

அந்த ஐம்பது போருக்கும் தண்ணீர் வருவது மழையிலிருந்துதான். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் விழும் மழை 100 கோடி லிட்டர். நிலத்தடி நீரை மதிப்பிட 1997-ல் வகுத்த அரசு முறைப்படி, களி கலந்த மக்குப் பாறைப் பூமியில் அதில் 8 சதவீதம்தான் உள்ளே இறங்கும். களி குறைவாக இருந்தால் 11 சதவீதம். வெடிப்பில்லாத கெட்டிப் பாறை என்றால் வெறும் 1 சதவீதம். எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் ஆண்டுக்குத் தருவது 8 கோடி லிட்டர். ஊரின் தேவையை ஈடுகட்ட ஏறக்குறைய 17 சதுர கிலோமீட்டரில் இறங்கும் தண்ணீர் மொத்தமும் வேண்டும். அந்த நிலத்தில் எந்த விவசாயியும் ஒரு மோட்டாரைக்கூடப் போடக் கூடாது.

அது நடக்கிற காரியமா? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து குவியும் நெல்லும், சுற்றுவட்டாரத்தில் விளையும் மல்லாட்டையும் கரும்பும் அதே தண்ணீரில்தான் விளைகின்றன. ஊருக்கென்று போடும் ஒவ்வொரு போரும் ஏதோ ஒரு கழனிக் கிணற்றுக்குப் பங்காளியாகத்தான் வருகிறது.

பாறைக்குள் என்ன இருக்கிறது?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளிலும் வெளியே தெரியும் அதே பாறைதான் ஊருக்கு அடியிலும் இருக்கிறது. ஆற்று மணலில் மணலுக்கு மணல் இடைவெளி உண்டு, அங்கே தண்ணீர் தங்கும். கருங்கல்லில் அப்படி இடமில்லை. மேலே சில பத்து அடிகளுக்கு வெயிலும் மழையும் பட்டு மக்கிய பாறை. அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்புகள். நீர் இருப்பது இந்த இரண்டில்தான். கீழே போகப் போக வெடிப்புகள் குறையும், இறுகும். ஆகவே ஐந்நூறு அடியில் இல்லாத தண்ணீர் ஆயிரம் அடியில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆழத்தில் கிடைக்கும் நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீராக இருப்பதால் ஃபுளோரைடு அளவையும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5 என்பது எல்லை.

போர் போடும் வண்டி வந்து ஓட்டத் தொடங்கியதும் பாருங்கள். கெட்டிப் பாறையில் இறங்கும்போது வெள்ளைத் தூள் புகையாகக் கிளம்பி மரங்களிலும் கூரைகளிலும் படியும். ஒரு ராடு, இன்னொரு ராடு, அதே வெள்ளை. திடீரெனத் தூள் ஈரமாகிக் கட்டி கட்டியாக வரும், சத்தம் மாறும். "கேப் கிடைச்சிடுச்சு" என்பார் ஓட்டுகிறவர். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தண்ணீர் ஆளுயரத்துக்கு மேல் பீறிட்டு அடிக்கும். பார்த்தவர்களுக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் வெடிப்பில் ஆண்டுக்கணக்காகத் தேங்கியிருந்த நீரைக் காற்றழுத்தம் தள்ளுகிற காட்சி அது. தினமும் எடுத்தால் எவ்வளவு ஊறி வரும் என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது.

குதிருக்கு எத்தனை வாய் வைத்தாலும் உள்ளே கொட்டிய நெல்தான் வரும். போரின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பாறைக்குள் இறங்கும் மழை கூடிவிடாது.

இடம் பார்ப்பதும் சோதிப்பதும்

தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பது இன்னும் நடக்கிறது. ஊர்ப் பணத்தில் போடும் கிணற்றுக்கு அது போதாது. 1971-ல் ஏற்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் நிலநீர் வல்லுநர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் படங்களில் பாறை வெடிப்புகள் நீண்ட கோடுகளாகத் தெரியும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் கவனிக்கத் தக்கது. பிறகு தரையில் மின்தடை ஆய்வு. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்க்கோட்டில் அடித்து, ஓரக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, நடுக் கம்பிகளில் அளவெடுப்பார்கள். ஓரக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைக்க, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியவரும். தடை குறைந்தால் மக்குப் பாறை அல்லது ஈரம்; ஏறினால் கெட்டிப் பாறை.

போட்ட பிறகு செய்ய வேண்டிய சோதனையில்தான் அவசரம் காட்டுகிறோம். மார்கழியில், மழை விட்ட கையோடு சோதித்தால் எந்தக் கிணறும் தேறிவிடும். கோடையில், ஒரே அளவில் இரவு பகலாக மூன்று நாள் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எத்தனை மணி நேரத்தில் ஏறி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்துக் கழனிக் கிணறுகளிலும் கயிறு விட்டு அளக்க வேண்டும். அவர்கள் கிணறு இறங்கினால், ஊர்க் குழாயில் வருவது அவர்கள் தண்ணீர் என்று பொருள்.

சென்னையும் தேவாஸும் சொல்வது

1960-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி–கொசஸ்தலை ஆற்றுப் படுகையை ஆராய்ந்து, சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணறுகள் அமைத்தார்கள். ஆராய்ச்சியில் குறை இல்லை, படுகையும் வளமான மணல் படுகை. ஆனாலும் ஊரும் உழவும் தொழிற்சாலையும் சேர்ந்து இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 1987-ல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. மணல் படுகைக்கே இந்த நிலை என்றால் கருங்கல் பூமி எம்மாத்திரம்?

மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் செஞ்சியைப் போலவே பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் வற்றி, 1990-ல் அந்த ஊருக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். 2006 முதல் மாவட்ட நிர்வாகம் முன்னின்று ஊக்கப்படுத்த, அங்குள்ள விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் குளமாக வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் குளங்கள் வந்தன. மழை அந்த நிலத்திலேயே தங்கியது.

கோட்டை கட்டியவர்கள் கணக்கு

இதைக் கற்றுக்கொள்ளத் தேவாஸ் வரை போக வேண்டியதில்லை. 1690-ல் முகலாயப் படை முற்றுகையைத் தொடங்கி, 1698-ல்தான் இந்தக் கோட்டை விழுந்தது. அத்தனை ஆண்டு உள்ளே இருந்தவர்கள் தண்ணீர் குடித்துத்தான் வாழ்ந்தார்கள். ராஜகிரி உச்சியில் நன்னீர்ச் சுனை. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். மொட்டைப் பாறையில் விழும் மழை மண்ணுக்குள் போகாது, வழிந்து ஓடும். அந்த ஓட்டத்தையே வரத்தாக்கிக் குளத்தில் பிடித்தார்கள். கல்யாண மகாலுக்கு மதிலுக்கு வெளியே சுமார் அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தேக்கத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கே தேங்கும் என்று முதலில் பார்த்தார்கள், எடுப்பதை அதன் பிறகு யோசித்தார்கள்.

கோட்டைக்கு வெளியே அந்த வேலையைச் செய்தவை ஏரிகள். கீரனூர் அணைக்கட்டில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், சுமார் 38 கிலோமீட்டர் ஓடி 36 ஏரிகளை நிரப்பிப் பனமலை ஏரியில் முடிய வேண்டும். கடைமடை வரை தண்ணீர் வரவில்லை என்பது பல தலைமுறைக் குறை. ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் 2024 டிசம்பர் 1 காலை வரையிலான ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அரை வருட மழை அது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் புரண்டு, வீடூர் அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, அந்தத் தண்ணீர் புதுச்சேரி வழியாகக் கடலுக்குப் போயிற்று. அப்படிப்பட்ட மழையை ஒரு ஏரியால் பிடிக்க முடியாதுதான். ஆனால் தூர்ந்த ஏரியும் அடைபட்ட வரத்துக் கால்வாயும் சாதாரண மழையைக்கூடப் பிடிக்காமல் விட்டுவிடுகின்றன.

செய்ய வேண்டியவை

ஊருக்கான கிணறுகள் ஏரிக்கரைக்குக் கீழேயும் சங்கராபரணி ஓரத்திலும் வரட்டும். நிரம்பும் இடத்தின் அருகே எடுப்பதுதான் முறை. ஒரே இடத்தில் நெருக்கிப் போடாமல் பரவலாகப் போட்டு, முறை வைத்து ஓட்டட்டும். கழிவுநீர்க் குழிகளுக்கு எட்டத்தில் இருக்கட்டும்; மனைப்பிரிவு பெருகும் ஊரில் நைட்ரேட் ஏற அந்தக் குழிகளும் ஒரு காரணம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கிணற்றை இறைக்காமல் அளவுக்காக மட்டும் வைத்து, மாதாமாதம் நீர்மட்டத்தைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். பயன்படாத பழைய போர்களை மூடுவதோடு நில்லாமல், வடிகட்டி அமைத்து மழைநீரை அவற்றில் இறக்கலாம்.

இவற்றையெல்லாம் செய்தாலும் ஊர் இரட்டிப்பானால் கிணறு மட்டும் போதாது. ஆற்று நீரையோ கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையோ நாட வேண்டியிருக்கும். அப்போதும் கிணறுகள் கைவிடப்படாமல், குழாய் நீர் நிற்கும் நாளுக்குக் கைகொடுக்கும் சேமிப்பாக இருக்க வேண்டும்.

செஞ்சிக்குப் புதுக் கிணறுகள் தேவை என்பதில் சந்தேகமில்லை. அதற்கான திட்ட மதிப்பீட்டில் முதல் பக்கத்தில் எந்தெந்த ஏரி, எந்தெந்த வரத்துக் கால்வாய், எந்த மாதத்துக்குள் தூர்வாரப்படும் என்று இருக்கட்டும். போர் போடும் இடங்களின் பட்டியல் இரண்டாம் பக்கத்தில் வரட்டும். இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கவுன்சிலர்களுக்கும் உண்டு, வரி கட்டும் நமக்கும் உண்டு.