நிறம் வெளுத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ஆக்சிஜன் நிரப்பிப் பாலித்தீன் பையில் கட்டித் தரும் ஒரு கோமாளி மீன், ஜி.எஸ்.டி. சாலையில் மூன்று நான்கு மணி நேரத்தில் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ வந்துவிடும். வந்த மீன் ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு ஒரு நாள் ஆரஞ்சு மங்கும், வெள்ளைப் பட்டை சாம்பல் பூக்கும், உடம்பில் ஏதோ படிந்ததுபோலத் தெரியும். உடனே செல்பேசியில் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புவதும், அவர் சொன்ன நீல மருந்தையோ தாமிர மருந்தையோ அன்று மாலையே தொட்டியில் ஊற்றுவதும் நடக்கிறது. இந்த அவசரத்தால் சாகும் மீன்கள் நோயால் சாகும் மீன்களுக்குக் குறைந்தவை அல்ல என்று நினைக்கிறேன். நிற மாற்றம் காய்ச்சலைப் போன்றது. உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று சொல்லும், எது சரியில்லை என்று சொல்லாது.

மீனின் நிறம் சாயம் அல்ல, உயிருள்ள செல்களின் வேலை. தோலில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு நிறமிகளைத் தாங்கிய செல்களும், ஒளியைத் திருப்பியடிக்கும் படிகச் செல்களும் இருக்கின்றன. நிறமித் துகள்கள் செல்லின் நடுவே குவிந்தால் மீன் வெளுக்கும், பரவினால் கறுக்கும். நரம்பும் ஹார்மோனும் இதை நிமிடக் கணக்கில் மாற்றிவிடும். விளக்கை அணைத்த பிறகு பல கடல் மீன்கள் வெளுத்துப் போவது இயல்பு. 'டோரி' என்று குழந்தைகள் அழைக்கும் நீல மீன் இரவில் மங்கி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயந்த மீனும், பெரிய மீனிடம் அடிவாங்கிய மீனும் நிறம் மாறும். கண் தெரியாமல் போன மீன் கறுத்துப் போவதுண்டு. ஆரஞ்சையும் மஞ்சளையும் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும். மாதக்கணக்கில் ஒரே மலிவுத் தீனி போட்டால் மீன் மெல்ல மெல்ல வெளுக்கும். அப்படி வெளுத்த மீனுக்கு எந்த மருந்தும் உதவாது. ஒரே நாளில் மாறியதா, பல வாரங்களில் மாறியதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாலே காரணங்களில் பாதி விலகிவிடும்.

அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றியது. விழுப்புரம் மாவட்டத்துக்கு அதில் தனிச் சிக்கல் உண்டு. மரக்காணம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால், அந்த உப்பைக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும் என்ற எண்ணம் எளிதில் வரும். அது தவறு. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன, அதன் பிறகே சோற்றுப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் கடைசிக் கழிவுநீரோடு போய்விடுகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில் சோடியம் குளோரைடு சுமார் நூற்றுக்கு 78 பங்குதான், மீதியும் இல்லாமல் மீனோ மற்ற உயிர்களோ தேறாது. கடற்கரையிலிருந்து கேனில் நீர் எடுத்து வந்தால் வேறு கவலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கழுவேலி ஏரியின் நீர் வந்து சேரும் கரையோரத்தில் உப்பு குறைந்துவிடும், கூடவே ஒட்டுண்ணிகளும் வரலாம். மே மாதத்திலோ சிக்கல் நேர் எதிரானது. தொட்டி நீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்க்காமல் உப்புத் தண்ணீரையே ஊற்றினால், லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் வரை இருக்க வேண்டிய உப்பு எங்கேயோ போய் நிற்கும்.

எல்லாவற்றையும் விட அம்மோனியாவை நான் முதலில் சந்தேகிப்பேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டுவிடுகிறோம். பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில், 28 டிகிரி வெப்பத்தில், அது நூற்றில் ஏறக்குறைய எட்டு பங்காகிவிடும். தங்கமீன் தொட்டியில் பழகியவர்கள் கடல் தொட்டியில் ஏமாறுவது இங்கேதான். கோடையில் நீரின் வெப்பம் கூடக் கூட இந்த விஷப் பங்கும் கூடும், கரையும் ஆக்சிஜனும் குறையும். மீன் வெளுத்து, செவுள் சிவந்து, மேலே வந்து மூச்சு வாங்கும். பார்ப்பவர் ஒட்டுண்ணி என்று நினைத்து மருந்து ஊற்றுவார். மெதிலீன் ப்ளூவும் ஆன்டிபயாட்டிக்கும் அந்த நல்ல பாக்டீரியாக்களையே கொல்லும். அம்மோனியா இன்னும் ஏறும்.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்குக் கிழக்குக் கடற்கரையின் இறால் பண்ணைகளிலேயே சான்று இருக்கிறது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் இந்தப் பண்ணைகளைச் சீரழித்தது. அதன் பின் தெரியவந்தது இது: காரத்தன்மை மிகுந்த நீரிலும், சில பாக்டீரியாக்களாலும்கூட இறாலின் ஓட்டில் வெள்ளைப்புள்ளி வரும். மறுபக்கம், வைரஸ் தாக்கிய வெனாமி இறாலில் புள்ளியே இல்லாமல் உடல் சிவந்து மட்டும் போகலாம். அதனால்தான் இறால் தொழில் புள்ளியைப் பார்த்து முடிவு செய்வதை விட்டு பி.சி.ஆர். சோதனைக்குப் போனது. மீனில் வரும் வெள்ளைப்புள்ளி வேறு நோய், ஆனால் பாடம் பொருந்தும்.

மீனின் வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதைவிடக் கொடியது அமிலோடினியம், அது தரும் நோய்தான் 'வெல்வெட்'. அமிலோடினியத்தை 1931இலும் கிரிப்டோகாரியானை 1951இலும் விவரித்தவர் பிரௌன் என்ற ஒரே ஆய்வாளர். கிரிப்டோகாரியான் உப்புத் துகள் தூவியதுபோல எண்ணக்கூடிய புள்ளிகளாகத் தெரியும். வெல்வெட் பொன்னிறத் தூசிபோல இருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் புலப்படும், அதுவும் செவுளைத் தாக்கி மூச்சு முட்டிய பிறகே பெரும்பாலும் தோலில் தெரியும். கோமாளி மீனின் உடலில் சளி தோல்தோலாக உரிந்தால் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். துடுப்பில் காலிபிளவர்போல ஒரு கட்டி மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் அது லிம்போசிஸ்டிஸ் வைரஸாக இருக்கலாம். பெரும்பாலும் தானே ஆறிவிடும், மருந்து தேவையில்லை. இவை எல்லாவற்றையும் ஒரு புகைப்படம் பிரித்துக் காட்டாது. நேரம் பிரித்துக் காட்டும். கிரிப்டோகாரியான் மீனின் மேல் மூன்றிலிருந்து ஏழு நாள் இருந்து கொழுத்து, பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்ப வரும். புள்ளி மறைந்த அந்த நாளில்தான் "மருந்து கேட்டுவிட்டது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். மறைந்தது நோயல்ல, அது அடித்தளத்துக்கு இடம் மாறியிருக்கிறது. கூட்டிலிருந்து குஞ்சு வெளிவர மூன்று நாளும் ஆகலாம், எழுபது நாளுக்கு மேலும் ஆகலாம். பூண்டுச் சாறும் இஞ்சியும் குணமாக்கியதாகச் சொல்லப்படும் கதைகள் பலவும் இந்த இடைவெளியில் பிறந்தவை.

இவ்வளவு யோசிப்பதற்குள் மீன் செத்துப்போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெல்வெட் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஆனால் காத்திருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றல்ல. எந்த நோயாக இருந்தாலும் தீங்கு செய்யாத வேலைகள் உண்டு: கூடுதல் ஏர் பம்ப், ஒரே உப்பும் வெப்பமும் உள்ள புதுநீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுவது, மங்கிய விளக்கு, நோயுற்ற மீனை மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றுவது. அம்மோனியா அளக்கப் பத்து நிமிடம் போதும். அதே வெப்பமும் பி.எச்.சும் உள்ள நன்னீரில் மூன்று நான்கு நிமிடம் முக்கினால் வெல்வெட் பிடித்த மீன் சற்றே மூச்சு விடும். கிரிப்டோகாரியான் தோலுக்கு உள்ளே புதைந்திருப்பதால் அசையாது. அந்த வேறுபாடே ஒரு தடயம். தாமிரம் தேவைப்பட்டால் தனித் தொட்டியில் மட்டும் போட வேண்டும், லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, தினமும் அளந்து. குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். பெரிய தொட்டியில் ஊற்றினால் சிப்பி, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது.

சோதனைப் பெட்டிக்கும் நுண்ணோக்கிக்கும் நாங்கள் எங்கே போவது என்பது அடுத்த மறுப்பு. அம்மோனியா, பி.எச். அளக்கும் கிட்டின் விலை ஒரு நல்ல கடல் மீனின் விலையைத் தாண்டாது. கிரிப்டோகாரியானைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே காட்டிவிடும். ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும் காரியம். 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் மீன்நோய் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இறால் பண்ணையாருக்குப் பழகிப்போன அந்தப் பாதை வீட்டுத் தொட்டிக்காரருக்கு இன்னும் தோன்றவில்லை. மாதிரி கொண்டுபோக உயிரோடு தவிக்கும் மீனே சிறந்தது. செத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் செவுளின் சிறு துண்டைக் கண்ணாடித் தகட்டில், அதே உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். செத்த உடலை விட்டு ஒட்டுண்ணிகள் விரைவில் விலகிவிடும். ஃப்ரீஸரில் உறைந்த மீனிலோ திசுக்கள் சிதைந்துபோயிருக்கும். செத்த மீனைப் பனிக்கட்டியின் மேல் பையில் வைத்து எடுத்துப் போகலாம், கூடவே தொட்டித் தண்ணீர் அரை லிட்டரும், முதலில் எந்த நாளில் என்ன தெரிந்தது என்று எழுதிய தாளும்.